கடைந்த கீரை சமாதானம், பச்சை இலை சண்டை: வாசகர் கேள்வி பதில்

கீரை, சாலட், பச்சை இலைச் சாறு, இவற்றால் வரும் வயிற்றுத் தொல்லை பற்றி வட சென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். குடல் மருத்துவரும் உணவியல் ஆலோசகரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். உடல்நலம் பற்றிய கடிதங்கள் என்பதால் பெயர்களை விட்டு, பேட்டையை மட்டும் போட்டிருக்கிறோம்.

எனக்கு 29 வயது. உடம்பைக் குறைக்க ரெண்டு மாசமாக ராத்திரியில் சோற்றுக்குப் பதில் ஒரு பெரிய கிண்ணம் சாலட் சாப்பிடுகிறேன். லெட்யூஸ், முட்டைகோஸ், பச்சை வெங்காயம், கேரட், மேலே கொஞ்சம் தயிர். நடு ராத்திரியில் வயிறு தவில் மாதிரி உப்பிக்கொள்கிறது. அம்மா கடைகிற அரைக்கீரையைத் தட்டு நிறையச் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. எனக்குக் கீரை ஒத்துக்கொள்கிறதா, இல்லையா?
*வாசகி, கொருக்குப்பேட்டை*

கீரை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. அந்தக் கிண்ணத்தில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் வெங்காயம், இரண்டாவது முட்டைகோஸ், மூன்றாவது தயிர். லெட்யூஸ் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது. அது பெரும்பாலும் தண்ணீர்.

வெங்காயத்தில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை இருக்கிறது. முட்டைகோஸில் ராஃபினோஸ். இரண்டையும் உடைக்கிற என்சைம் மனிதரின் சிறுகுடலில் கிடையாது. உடையாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு விருந்து. அவை புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுவாக வெளியேற்றும். இது எல்லோருடைய வயிற்றிலும் நடப்பதுதான். குடல் நரம்புகள் கூடுதலாகக் கூருணர்வு கொண்டவர்களுக்கு, அதாவது எரிச்சல் குடல் கோளாறு (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்கு, மற்றவர் கண்டுகொள்ளாத அளவு வாயுகூட வலியாகத் தெரியும்.

இலைக்கும் தன் பங்கு உண்டு. இலையின் செல் சுவர் செல்லுலோஸால் ஆனது. அதைச் செரிக்க மாட்டுக்கே வயிற்றில் நுண்ணுயிர்ப் பட்டாளமும் அசை போடுவதற்கு நேரமும் தேவைப்படுகிறது. நமக்கு இருப்பதெல்லாம் பல்தான். பச்சை இலையைப் பாதி மென்று விழுங்கினால் விறைப்பான துண்டுகளாகவே இரைப்பைக்குள் இறங்கும். வேகவைத்தால் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் இளகுகிறது, இலைக்குள் அடைபட்ட காற்று வெளியேறுகிறது, பெரிய கிண்ணம் நிறைய இருந்தது ஒரு கைப்பிடியாக அடங்கிவிடுகிறது. நார் எங்கும் போய்விடாது, மெத்தென்று ஆகிறது, அவ்வளவுதான். அதன் பிறகு மத்தைப் போட்டுக் கடைவது வாய் செய்ய வேண்டிய வேலையில் முக்கால் பங்கைச் சட்டியிலேயே முடித்துவிடுகிறது. அரைக்கீரை மசியல் உங்கள் வயிற்றில் சாதுவாகக் கிடப்பது அதனால்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கடிகாரத்தைப் பாருங்கள். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் கழிவறைக்கு ஓட வேண்டியிருந்தால் அது அப்போது சாப்பிட்ட இலை இல்லை. அது அதற்குள் அவ்வளவு தூரம் போயிருக்காது. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடலுக்குப் போகும் இயல்பான நரம்புச் செய்தி உங்களிடம் கொஞ்சம் உரக்கப் போகிறது. மூன்று மணி நேரத்திலிருந்து ஏழெட்டு மணி நேரத்துக்குள் உப்பினால் புளிப்பு, வாயு. எட்டு மணிக்குச் சாப்பிட்டு நடு ராத்திரியில் உப்பும் உங்கள் கதை இது. அரை நாள், ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் வாந்தியும் தண்ணீராகப் பேதியும் வந்தால் இலையைக் குற்றம் சொல்லாதீர்கள். இலையில் ஒட்டியிருந்த கிருமி அது.

சோதனை இப்படி. இரண்டு வாரத்துக்குப் பச்சையாக எந்த இலையும் வேண்டாம், பச்சை வெங்காயமும் வேண்டாம். சமைத்த கீரையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். வயிறு அமைதியான பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதுவும் மதியத்தில். முதலில் லெட்யூஸ் மட்டும்: முதல் நாள் கால் கப், அடுத்த நாள் அரை கப், மூன்றாம் நாள் ஒரு கப். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. அடுத்து முட்டைகோஸ், அதே கணக்கு. வெங்காயம் கடைசி, அதை மட்டும் ஒரு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். எந்த நாள், என்ன அளவு, எத்தனை மணிக்கு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இங்கே பலரும் செய்கிற தவறு, இரண்டு பொருளை ஒரே நாளில் சேர்த்துவிடுவது. அப்புறம் யார் மேல் பழி போடுவது? மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் வயிறு தானாகவே உப்பும் என்பதால் அந்த வாரத்தில் சோதனை வேண்டாம்.

லெட்யூஸைப் பச்சையாகவே சாப்பிட ஆசையென்றால் நடு நரம்பைக் கிள்ளிவிட்டு நூலாக நறுக்குங்கள். ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் கையால் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். இலை துவண்டு அளவு பாதியாகும். வெங்காய மணம் வேண்டும் என்றால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் தூவலாம். வெள்ளைக் குமிழில் இருக்கும் அளவு ஃப்ரக்டான் அதில் இல்லை.

சமைத்தால் சத்து போய்விடுமே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் ஓரளவு குறையும், உண்மை. ஆனால் பீட்டா கரோட்டின் வெந்த இலையிலிருந்து, அதுவும் ஒரு கரண்டி எண்ணெயோடு சேரும்போதுதான் உடம்பில் நன்றாக ஏறுகிறது. சி-க்கு இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் போயிற்று. இன்னொன்று: ராத்திரிச் சோற்றை மொத்தமாக விட்டுவிட்டு வெறும் இலையை மென்றால் பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் எங்கிருந்து வரும்? உடம்பு இளைப்பதற்கு முன்னால் முடி கொட்டத் தொடங்கிவிடும்.

கொத்தமல்லி, புதினா சட்னி சாப்பிட்ட மறுநாள் மலத்தில் இலைத் துண்டுகள் அப்படியே வருகின்றன. செரிமானமே நடக்கவில்லையா?
*வாசகர், ஓட்டேரி*

நடக்கிறது. செல்லுலோஸ் யாருக்கும் செரிக்காது, மென்றது போதாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பச்சை நிறத்தில் போனாலும் பயமில்லை. எண்ணெய் மிதப்பது, தண்ணீரில் அலசினாலும் ஒட்டிக்கொண்டு போகாமல் நாறுவது, உடம்பு இளைப்பது இவை சேர்ந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

பூங்காவில் நடைப்பயிற்சி முடித்ததும் வாசலில் விற்கும் அருகம்புல் சாறு ஒரு டம்ளர் குடிப்பேன். இப்போது வீட்டில் பாலக்கீரையைப் பச்சையாக மிக்சியில் அடித்து அதையும் குடிக்கிறேன். குமட்டுகிறது, வயிற்றைப் பிசைகிறது. மூன்று வருடம் முன்பு சிறுநீரகக் கல் வந்து கரைந்தது. தொடரலாமா?
*வாசகர், பெரம்பூர்*

பாலக் சாற்றை இன்றே நிறுத்துங்கள். குமட்டலைவிட உங்களுடைய கல்தான் எங்களுக்குக் கவலை.

100 கிராம் பாலக்கில் கிட்டத்தட்ட 400 முதல் 900 மில்லிகிராம் வரை ஆக்சலேட் இருக்கிறது, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகிற பொருள் அது. கல் வந்தவர்களுக்கு நாள் முழுவதற்குமாகச் சேர்த்து 100 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். ஒரு கட்டு பாலக்கை அடித்து வடிகட்டிக் குடித்தால் பல நாள் பங்கு ஒரே மடக்கில் உள்ளே போகிறது, அதுவும் வெறும் வயிற்றில், ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கக் கால்சியம் எதுவும் கூட இல்லாத நேரத்தில். மாதக்கணக்கில் பச்சை இலைச் சாறு குடித்துச் சிறுநீரகமே பழுதான நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

கீரைக் கூட்டு, மசியலாகச் சாப்பிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும், காரணம் அளவு. யாரும் 300 கிராம் பாலக்கைத் தட்டில் வைத்து ஒரே வேளையில் தின்பதில்லை, டம்ளரில் மட்டும் அது எளிதாக இறங்குகிறது. நிறையத் தண்ணீரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு போகாது. கீரை வேகவைத்த தண்ணீரில் ரசம் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, கல் உள்ளவர்கள் பாலக், முளைக்கீரை, தண்டுக்கீரை மூன்றுக்கும் அதைச் செய்யக்கூடாது. உங்களுக்கு வெந்தயக்கீரை பரவாயில்லை. எதுவானாலும் கூடவே ஒரு கிண்ணம் தயிர் வைத்துக்கொள்ளுங்கள், தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிப்போட்டு வெளியே அனுப்பும்.

வாசலில் விற்கும் அருகம்புல் எங்கே வளர்ந்தது, எந்தத் தண்ணீரில் அலசினார்கள் என்பது விற்கிறவருக்கே தெரிந்திருக்காது. புல் தரையோடு படர்வது. நாய், மாடு நடமாடும் இடத்தில்தான் அது செழிக்கும். காய்ச்சாமல் குடிக்கிற பானம் இது, காய்ச்சிய பாலில் வரும் மோர் மாதிரி அல்ல.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை போடுகிறவர்கள் யாரும் திடீரென்று கீரைச் சாற்றை ஆரம்பிக்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. இலையின் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். கீரை சாப்பிடலாம், வாரத்துக்கு வாரம் அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டால் எனக்கு மட்டும் வயிறு கடமுடா. கூட வருகிற நண்பர்கள் ரெண்டு பிளேட் போட்டுவிட்டு அமைதியாக இருக்கிறார்கள். அத்தோவை விடச் சொல்லாமல் வழி சொல்லுங்கள்.
*வாசகர், ராயபுரம்*

விடச் சொல்லவில்லை. பிரித்துப் பார்ப்போம். மஞ்சள் நூடுல்ஸ் கோதுமை மாவில் செய்தது, அதில் ஃப்ரக்டான். மெல்லிசாகச் சீவிய பச்சை முட்டைகோஸ், அதில் ராஃபினோஸ். பச்சை வெங்காயம், மறுபடி ஃப்ரக்டான். பொரித்த வெங்காயம், பூண்டு, அதிலும் அதே. பெஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போடுகிறார்கள், அது எண்ணெயில் பொரித்தது. மேலே புளித்தண்ணீரும் காரமும். தனித்தனியாக வந்தால் உங்கள் குடல் ஒருவேளை சமாளித்துவிடும், அவை மொத்தமாக ஒரே தட்டில் வருகின்றன. கூடவே அரை பிளேட் முட்டை மசாலாவும் உள்ளே தள்ளுவீர்கள் என்று நினைக்கிறோம்.

கோஸும் பச்சை வெங்காயமும் இல்லாமல் பிசையச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. அடுத்த முறை கோஸை மட்டும் சேர்த்துப் பாருங்கள். பூண்டு எண்ணெய் உங்களுக்குப் பெரும்பாலும் தொல்லை தராது, ஏனென்றால் ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுத் துண்டுகளை எடுத்துவிட்டால் எண்ணெயில் மணம்தான் மிஞ்சும். வீட்டில் செய்தால் சீவிய கோஸைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து சேருங்கள். நறுக்கென்று கடிபடும், ராஃபினோஸில் கொஞ்சம் தண்ணீரோடு போயிருக்கும். மருந்துக்கடையில் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற என்சைம் மாத்திரை கிடைக்கிறது, முதல் வாய்க்கு முன் போட்டால் கோஸுக்கும் பருப்புக்கும் உதவும். வெங்காயத்துக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வாந்தி எடுத்தால் வாயுக் கணக்கு பொருந்தாது. வெயிலில் மூடாமல் இருந்த பொருளில் வளர்ந்த நஞ்சு அது.

சமைத்த கீரையும் எனக்கு வாயு. பருப்புப் போட்டுக் கடைந்த கீரை சாப்பிட்டால் மாலை வரை ஏப்பம்.
*வாசகி, கொடுங்கையூர்*

பருப்பை எடுத்துவிட்டுக் கடைந்து பாருங்கள். துவரம்பருப்பிலும் ராஃபினோஸ் குடும்பம்தான். ஆய்ந்த சிறுகீரை 200 கிராம், அரை டம்ளர் தண்ணீர், ஒரு தக்காளி, அரை டீஸ்பூன் சீரகம், பெருங்காயம். மூடாமல் எட்டு நிமிடம் வேகவிட்டுச் சட்டியிலேயே கடையுங்கள். பூண்டை முழுசாக எண்ணெயில் சிவக்க வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். இரண்டு முறை இப்படிச் சாப்பிட்டும் தொல்லை இல்லையென்றால் கீரை நிரபராதி. பருப்பு வேண்டுமென்றால் பாசிப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு கைப்பிடி மட்டும் சேருங்கள்.

முருங்கைக்கீரை, அகத்திக்கீரை இரண்டும் வேறு ஜாதி, சிறுகீரை நேரத்துக்கு வேகாது. அகத்தியைப் பொடியாக அரிந்து கால் மணி நேரமாவது வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு அகத்தி சிலருக்குப் பேதியே கொடுக்கும்.

கீரையை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் கிருமி செத்துவிடுமா? முட்டைகோஸில் மூளைக்குப் போகிற புழு இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் சில நாள் நாற்றமாக வருகிறது.
*வாசகி, வியாசர்பாடி*

உப்பும் மஞ்சளும் இலையில் ஒட்டிய பூச்சியைக் கழற்றும். கிருமியை நம்பிக்கையாகக் கொல்லாது. வினிகர் ஓரளவு குறைக்கும், அதுவும் முழுசாக இல்லை. சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டும் கூடவே கூடாது, இலை அதை உறிஞ்சிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இது. வேரையும் கட்டின் அடியில் அழுகின தண்டையும் முதலில் வெட்டி எறியுங்கள், மண்ணும் சாணமும் அதிகம் இருப்பது அங்கேதான். கட்டைப் பிரித்துவிட்டு அலசுங்கள். கட்டோடு குழாயடியில் காட்டுவது வெளி இலைக்குக் குளியல், உள் இலைக்கு ஒன்றுமில்லை. அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீர் விட்டு இலையைப் போட்டு அளைந்து, ஐந்து நிமிடம் மண் அடியில் தங்கவிட்டு, இலையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடிகட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி இலை மேலேயே விழும். அடியில் மண் தெரியாத வரை, குறைந்தது மூன்று தடவை. சமைக்கப்போகிற கீரைக்கு இது போதும்.

பச்சையாகச் சாப்பிடப்போகிற இலைக்கு உங்கள் தெரு நிலவரத்தில் எங்கள் பதில் நேரடியானது: குழாய்த் தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ இருக்கிற நாட்களில் பச்சை இலை வேண்டாம். மற்ற நாட்களில் கடைசி அலசலைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் செய்யுங்கள். கொத்தமல்லி, புதினாவைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்துச் சட்னி அரையுங்கள். நிறம்கூட அப்படித்தான் நன்றாக நிற்கும். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ இரண்டும் கழிவுநீர் கலந்த தண்ணீரில் வருபவை. ஹெபடைட்டிஸ் இ கர்ப்பிணிக்கு உயிராபத்து வரை போகக்கூடியது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வெளிச் சாலட், பானிபூரிக் கடை மல்லித் தண்ணீர் எல்லாவற்றையும் பிள்ளை பெறும்வரை தள்ளிவையுங்கள்.

அக்கா சொல்வதில் பாதி சரி. அது கோஸில் பிறக்கிற புழு இல்லை, பன்றி நாடாப்புழுவின் முட்டை. அந்தப் புழு குடலில் உள்ள ஒரு மனிதரின் மலம் கலந்த தண்ணீர் வயலில் பாய்ந்தால் எந்த இலையிலும் முட்டை ஒட்டலாம். அதைப் பச்சையாக விழுங்கினால் மூளையில் நீர்க்கட்டி உருவாகி வலிப்பு வரலாம். மாமிசமே தொடாதவருக்கும் அதனால்தான் வருகிறது. கோஸின் வெளி இலை இரண்டு மூன்றை நீக்கி, மீதியைத் தனித்தனி இலையாகப் பிரித்துக் கழுவி, வேகவையுங்கள். வெந்தால் முட்டை செத்துவிடும்.

அப்பாவுக்கு 63 வயது, 18 வருடமாகச் சர்க்கரை. பல் செட் போட்டிருக்கிறார். டாக்டர் நார்ச்சத்து சாப்பிடச் சொன்னதால் தினம் வெள்ளரிக்காயும் பச்சை இலைகளும் கொடுக்கிறோம். நாலு வாயில் வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். நேற்று காலை எடுத்த வாந்தியில் முந்தைய நாள் மதியம் சாப்பிட்ட இலை கிடந்தது.
*வாசகி, தண்டையார்பேட்டை*

அந்தக் கடைசி வரி முக்கியம். மதியம் சாப்பிட்டது மறுநாள் காலையில் இரைப்பையில் இருக்கக் கூடாது. நீண்ட காலச் சர்க்கரை இரைப்பையை இயக்கும் நரம்பைப் பாதித்து அதன் அசைவை மந்தமாக்கும். கேஸ்ட்ரோபரேசிஸ் என்பார்கள். முதலில் எண்டோஸ்கோப்பி செய்து வழியில் அடைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்வார்கள், பிறகு இரைப்பை காலியாகும் நேரத்தை அளக்கும் ஸ்கேன். இந்த வாரமே காட்டுங்கள்.

இந்த நிலையில் பச்சை இலை தலைகீழான மருந்து. நார் இரைப்பையைக் கடந்து போக மாட்டாமல் தங்கி, உருண்டு பந்தாகிவிடும். பல் செட்டால் சரியாக அரைபடாதது இதை இன்னும் மோசமாக்கும். பல வருடம் முன் குடல் புண்ணுக்கு இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இப்போதைக்கு இலையைத் தண்டு நீக்கி நன்றாக வேகவைத்து, மிக்சியில் அடித்து, வடிகட்டிய சூப்பாக ஒரு தடவைக்கு அரை டம்ளர் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்தாறு சின்ன வேளை. சாப்பிட்டதும் படுக்கவிடாதீர்கள், வராந்தாவில் பத்து நிமிடம் நடக்கட்டும்.

மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். செமாக்ளூடைடு போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மெட்ஃபார்மின் வாயுவையும் பேதியையும் தரும். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: ஊசி வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு இரைப்பையிலேயே நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இன்சுலின் நேரத்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

என் மகனுக்கு 24 வயது. கீரைத்தண்டு, சாலட், கொய்யா எது சாப்பிட்டாலும் தொப்புளைச் சுற்றி முறுக்கி வலிக்கிறது, தவளை கத்துவது போல் வயிற்றில் சத்தம், பிறகு வாயு போனதும் விட்டுவிடுகிறது. மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்துவிட்டான். கேஸ் என்று மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம்.
*வாசகி, திருவொற்றியூர்*

கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பது வாயு அல்ல, குடல் ஓரிடத்தில் சுருங்கியிருப்பதன் அடையாளம். நார் நிறைந்தது அந்த இடுக்கில் மாட்டும்போது அதற்கு மேலே உள்ள குடல் முக்கித் தள்ளுகிறது, அதுதான் முறுக்கல். கடந்து போனதும் சத்தத்தோடு விடுகிறது. நம் ஊரில் இந்த வயதில், இந்த எடைக் குறைவோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது குடல் காசநோய், அடுத்தது கிரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி. இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வலது அடிவயிற்றுப் பகுதியைத்தான் அதிகம் பிடிக்கும். இருமல் இல்லாமலே, நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தே குடலில் காசநோய் வரலாம். மாலையில் லேசான காய்ச்சல், ராத்திரி வியர்வை உண்டா என்று கேளுங்கள்.

சி.டி. ஸ்கேனும், கொலோனோஸ்கோப்பியில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் தேவைப்படும். பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காசநோய் என்று தெரிந்தால் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், பெரும்பாலும் ஆறு மாதம். முடிவு தெரியும்வரை பச்சை இலை, தண்டு, கொய்யா, மாதுளைக் கொட்டை, ஆரஞ்சுச் சக்கை எதுவும் வேண்டாம். குழைந்த சோறு, மோர், மசித்த கேரட், முள் நீக்கிய மீன், முட்டை கொடுக்கலாம். வயிறு கல் மாதிரி உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் நின்றுவிட்டால் முழு அடைப்பு. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மலத்தில் ரத்தம், தார் போல் கறுத்த மலம் (இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும், அது வேறு), தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலப் பழக்க மாற்றம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற வாசகர்களுக்கும் இதே பதில்தான். இரண்டு வாரச் சோதனையெல்லாம் உங்களுக்கு இல்லை.

லெட்யூஸ் கடித்த உடனே உதடும் நாக்கும் அரிக்கிறது. வேகவைத்த எந்தக் கீரையாலும் இல்லை.
*வாசகர், மூலக்கடை*

இது செரிமானக் கோளாறு இல்லை, ஒவ்வாமை. இலைப் புரதம் சூட்டில் உருமாறிவிடுவதால் வெந்ததும் உடம்பு அதை எதிரியாக அடையாளம் காண்பதில்லை. அந்த இலையைப் பச்சையாகத் தவிருங்கள். தொண்டை இறுகினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனை. எதற்கும் கேட்கிறோம்: சேம்பு இலையைச் சாப்பிட்டுத்தான் அரித்தது என்றால் அது ஒவ்வாமையே அல்ல. அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் எல்லோர் நாக்கையும் குத்தும், அதனால்தான் புளி சேர்த்து நெடுநேரம் வேகவைக்கிறார்கள்.

ராத்திரியில் கீரை சாப்பிடக் கூடாது என்று பாட்டி சொல்வது உண்மையா, மூடநம்பிக்கையா?
*வாசகி, எண்ணூர்*

விஷம் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பாட்டி சொல்வதில் கணக்கு இருக்கிறது. விளக்கு மங்கலாக இருந்த வீட்டில் இலையில் பூச்சி தெரியாது, மதியம் கடைந்த கீரை ராத்திரிக்குள் கெட்டிருக்கும். சாப்பிட்டதும் படுத்தால் நெஞ்சுக் கரிப்பும் உப்புசமும் வருகிறவர்களுக்கு இப்போதும் மதியமே நல்லது. மற்றவர்கள் ஏழு, ஏழரைக்குள், அப்போது சமைத்ததை அளவாகச் சாப்பிடலாம். மீதியை நம் ஊர் வெக்கையில் அடுப்பு மேடையிலேயே விட்டுவைக்காதீர்கள். கீரையிலுள்ள நைட்ரேட்டைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், கைக்குழந்தைக்கு அது ஆகாது. ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் ஒரே ஒரு தடவை கொதிக்கச் சூடாக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மீதி வேண்டாம்.